கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், கிணற்றடியில் நின்று தனியாகச் சிரித்தாள். இடுப்பில் பித்தளைக் குடம். தாலிக் கயிற்றின் மஞ்சள் கழுத்தில் ஒட்டியிருந்தது. புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். எதிரே யாரும் இல்லை. அதாவது, சமையற்கட்டு வாசலிலிருந்து பார்த்த அம்மாவின் கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. நான் கொய்யா மரத்தின் மேலே இருந்தேன். எனக்குப் பத்து வயது. எங்கள் நைனா சாப்பிட்டு முடித்ததும் வயிற்றைத் தடவிக்கொண்டு மூன்று தவணையாக ஏப்பம் விடுவாரே, அதை அப்படியே செய்து காட்டியிருந்தேன். வந்த மூன்றாம் நாளே மாமனாரை நினைத்துச் சிரித்தால் என்ன ஆகுமோ என்று அவள் அடக்கப் பார்த்தாள். அடக்க அடக்கச் சிரிப்பு அதிகமாயிற்று.

அந்த ஒரு சிரிப்பை வைத்துத்தான் பிற்பாடு அவளை வீட்டைவிட்டு அனுப்பினார்கள். அனுப்பினார்கள் என்று மற்றவர்கள் தலையில் போடுவது சுலபம். நானும் சேர்ந்துதான் அனுப்பினேன். முப்பது வருஷத்துக்கு மேல் அம்பத்தூரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவள் நான். பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும் என்று பிள்ளைகளைப் பயமுறுத்தாத வாரம் கிடையாது. என் கண் இன்றைக்கும் நன்றாகத்தான் இருக்கிறது. படிக்கும்போது மட்டும் கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீடு பருத்திப்பட்டு ஏரிக்குக் கீழே, வயலை ஒட்டி இருந்தது. நைனா, அம்மா, அண்ணன், நான், அவ்வளவுதான் குடும்பம். அண்ணிக்கு ஊர் வானகரம். தாய் இல்லை, தகப்பனார் ஒருவரே வளர்த்தார். மூன்றாம் வகுப்பு வரை படிக்கவும் வைத்திருந்தார். எங்கள் தெருவில் எழுத்துத் தெரிந்த மருமகள் அவள் ஒருத்திதான். கடையிலிருந்து பருப்பு மடித்து வரும் காகிதத்தை எறியமாட்டாள். கையால் நீவி, எழுத்துக் கூட்டி எனக்குப் படித்துக் காட்டுவாள். பாதிச் செய்தியிலேயே காகிதம் கிழிந்திருக்கும். மீதியை அவளே முடித்துவிடுவாள். யாரோ ஒரு ஜமீன்தார் வழக்கில் தோற்றார் என்பதோடு காகிதம் நின்றால், தோற்றவர் வீட்டுக்கு வந்து, ரசத்தில் உப்பில்லை என்று பெண்டாட்டியோடு சண்டை போட்டார் என்பாள். எனக்குப் படிப்பில் ஆசை வந்தது அந்தப் பொட்டலக் காகிதங்களால்தான். இப்படி இரண்டு வருஷத்துக்கு மேல் ஓடியது. அந்த இரண்டு வருஷமும் எங்கள் எல்லோரையும்விட அவள்தான் தெளிவாக இருந்தாள். இதை நான் அழுத்திச் சொல்லவேண்டும். சொல்லவேண்டிய நாளில் சொல்லவில்லை.

அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து, அது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கிய சமயம். யுத்தம் நம் பக்கம் திரும்பிவிட்டது என்று பட்டணமே கலங்கிப்போயிருந்தது. குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் சட்டி பானையோடு ரயிலேறி எங்கள் பக்கமெல்லாம் வந்து இறங்கினார்கள். ஆவடியில் பட்டாளத்துக்காரர்களின் லாரிகள் நாள் முழுக்கப் புழுதி கிளப்பின. வானத்தில் ஒரு சத்தம் கேட்டால் ஊரே அண்ணாந்து பார்க்கும். அதனால் அண்ணி பயந்தது ஆரம்பத்தில் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. சத்தம் நின்றதும் எங்கள் பயம் நின்றது. அவளுடைய பயம் நிற்கவில்லை.

முதலில் பேச்சு குறைந்தது. தலை வாருவது நின்றது. உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைவதைப் பக்கத்தில் உட்கார்ந்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை அழுதால் தூக்குவாள். ஆனால் முகத்தில் ஒன்றும் இருக்காது. அப்புறம் குரல்கள் வந்தன. ஏரிக்கரைப் பக்கம் இரண்டு ஆண்கள் எந்நேரமும் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள் என்றாள். "தண்ணி மொண்டா, மொள்றா பாருன்றான் ஒருத்தன். கொடத்த எறக்கி வெச்சா, எறக்கிட்டா பாருன்றான் இன்னொருத்தன். உனுக்குக் கேக்கல பாப்பா?" என்று என்னைக் கேட்டாள். கேட்கவில்லை என்றேன். நான் எதையோ மறைக்கிறேன் என்பதுபோல வெகுநேரம் என்னையே பார்த்தாள். பொட்டலக் காகிதத்தை இப்போதும் நீவிப் படித்தாள், எனக்காக இல்லை. அதில் தன்னைப் பற்றித்தான் போட்டிருக்கிறது என்று சொல்லி அடுப்பில் போட்டாள். எனக்கு அவளிடம் பயம் வந்துவிட்டது. பயம் வந்த பிறகு பிரியம் எங்கே போகிறது என்று தெரியவில்லை, போய்விடுகிறது.

பூந்தமல்லியிலிருந்து வைத்தியரைக் கூட்டி வந்தார்கள். நாடி பார்த்துவிட்டு, பித்தம் தலைக்கு ஏறிவிட்டது என்றார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்த வைத்தியத்தையே சொன்னார்: உச்சியில் மயிரை வழித்துவிட்டு, தினமும் காலையில் எலுமிச்சம்பழம் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டும். நாவிதர் வந்து சுமங்கலிப் பெண்ணின் உச்சந்தலையை உள்ளங்கை அகலத்துக்கு மழித்தார். அண்ணன் அன்று வயலுக்குப் போய்விட்டான். இதையெல்லாம் பார்க்கும் தைரியம் அவனுக்குக் கிடையாது. பழம் நறுக்கிக் கொடுப்பது என் வேலை. அம்மா தேய்ப்பாள். சாறு கண்ணில் இறங்கும். கத்தி பட்ட காயத்தில் இறங்கும். அண்ணி அலறுவாள். அம்மாவும் அழுதுகொண்டேதான் தேய்ப்பாள். நாலு மாதம் இது நடந்தது. அம்மாவைக் கொடுமைக்காரி என்று யாராவது நினைத்தால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அந்த நாலு மாதமும் அண்ணிக்குச் சோறு ஊட்டியது, சேலை மாற்றிவிட்டது எல்லாம் அவள்தான்.

பிறகு குதிர் விஷயம் நடந்தது. ஒருநாள் காலையில் விமானம் ஒன்று தாழப் பறந்து போயிற்று. கொஞ்ச நேரத்தில் குழந்தையைக் காணோம். தெருவில் தேடினோம், ஏரிக்கரையில் தேடினோம். ஆட்கள் இறங்கித் தண்ணீரில் துழாவினார்கள். அண்ணி நெல் குதிருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். யார் கேட்டும் பதில் இல்லை. மத்தியானம் அம்மாவுக்கு என்ன தோன்றியதோ, அவளை இழுத்துத் தள்ளிவிட்டு மேலேறிக் குதிரின் மூடியைத் திறந்தாள். அடியில் கிடந்த கொஞ்சம் நெல்லின் மேல் குழந்தை வேர்வையில் நனைந்து துவண்டு கிடந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. முகத்தில் தண்ணீர் அடித்துத் தட்டிய பிறகுதான் அழுதது. "பட்டாளத்தானுங்க தூக்கினு பூடுவானுங்கன்னு ஒளிச்சி வெச்சேன்," என்றாள் அண்ணி. குழந்தையைக் காப்பாற்றிவிட்டதாகவே அவள் நினைத்தாள். நன்றி எதிர்பார்த்த முகம் அது. பல மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் ஏதோ ஒன்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

அதற்கு மேல் அவளை வைத்துக்கொள்ள முடியாது என்று நைனா சொல்லிவிட்டார். எங்கள் ஜனத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. மருமகளுக்குப் புத்தி பேதலித்தால் பெரியவர்கள் கூடி ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்பார்கள்: கல்யாணத்துக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் வந்தது என்றால் அவள் புருஷன் வீட்டுப் பொறுப்பு. அவன் வேறு பெண் கட்டலாம். ஆனால் இவளுக்குச் சாகும்வரை அதே வீட்டில் ஒரு அறையும் சோறும் உண்டு, பெற்ற பிள்ளை கண்ணெதிரே வளரும். முன்னாலேயே இருந்தது என்றால் பெண் வீட்டார் மறைத்துக் கட்டிவைத்தார்கள் என்று அர்த்தம். அவளை அவர்கள் கூட்டிக்கொண்டு போகவேண்டும். தாலி திரும்பும், பிள்ளை தகப்பன் வீட்டில் நிற்கும், அதற்குப் பிறகு அவளுக்கும் இந்த வீட்டுக்கும் ஒன்றும் இல்லை. ஒரு பெண்ணின் மீதி ஆயுள் ஒரு தேதியில் தொங்கியது.

பஞ்சாயத்துக்கு முந்தின நாள் அம்மா என்னைக் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தாள்.

"வந்த புதுசுல கெணத்தாண்ட சிரிச்சிகினு நின்னாளே, ஞாபகம் கீதா?"

"கீது."

"அத நாளைக்குப் பெரியவங்க கேட்டா சொல்லு."

"நான் மரத்து மேல இருந்தேம்மா. என்னப் பாத்துத்தான் சிரிச்சாங்க."

அம்மா என் தலைமயிரை ஒதுக்கிவிட்டாள். "அத யாரும் கேக்கமாட்டாங்க. நடந்ததத்தான சொல்லச் சொல்றேன், பொய்யா சொல்லச் சொல்றேன்? இன்னொரு தபா கொழந்தைய எங்கனா போட்டுட்டா இன்னா பண்ணுவே? உன்ன நாளைக்கு எவன் வந்து கட்டிகினு போவான், பைத்தியம் கீற ஊட்ல?" என்றாள். அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. குழந்தையின் நீல உதடு என் கண்ணிலேயே இருந்தது. எனக்கும் அண்ணி போய்விட்டால் தேவலை என்றிருந்தது. இதை எழுத இத்தனை வருஷம் பிடித்தது எனக்கு.

இரண்டு ஊருக்கும் பொதுவாகப் பூந்தமல்லியில் ஒரு நெல் மண்டியில் கூடினார்கள். மூட்டைகளுக்கு நடுவே ஐந்தாறு பெரியவர்கள். ஒரு பக்கம் நைனாவும் அண்ணனும், எதிரே அண்ணியின் தகப்பனார். அண்ணி வாசற்படி ஓரமாகத் தலையில் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் தன் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை என்று தகப்பனார் கற்பூரம் அடித்துச் சொல்வதாகச் சொன்னார். பெரியவர்களுக்கு அவர் மேல் நம்பிக்கை இருந்தது. கொஞ்சம் விட்டால் அண்ணி எங்களோடு திரும்பி வந்திருப்பாள். அப்போது நைனா என்னை முன்னே தள்ளினார்.

"பயப்படாத கண்ணு," என்றார் நடுவிலிருந்த பெரியவர். "உங்க அண்ணி வந்த புதுசுல எதுனா பாத்தியா நீ?"

"வந்த மூணாம் நாளு கெணத்தாண்ட நின்னுகினு தனியா சிரிச்சாங்க," என்றேன்.

அண்ணி முக்காட்டை விலக்கி நிமிர்ந்து பார்த்தாள். பல மாதங்களாக வாய்க்குள் முணுமுணுப்பதைத் தவிர வேறு பேச்சில்லாதவள், அன்றைக்கு நன்றாகத் தெளிவாகப் பேசினாள். "தனியா எங்க சிரிச்சேன்? நீ மரத்து மேல குந்தினு இருந்தே. உங்க நைனா மாரி ஏப்பம் உட்டுக் காட்டினே. அதான் சிரிச்சேன்."

பெரியவர் என்னைப் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்தார், பாவப்பட்ட பார்வை. "இப்பவும் மரத்து மேல ஆளு கீதுன்னு சொல்லுது பாருங்க," என்றார் பக்கத்திலிருந்தவர். யாரோ உச்சுக் கொட்டினார்கள். ஏரிக்கரையில் இல்லாத ஆண்களைப் பற்றி அவள் சொன்னதெல்லாம் ஏற்கெனவே அவர்களுக்குத் தெரியும். இதுவும் அதில் ஒன்று என்று முடிந்துபோயிற்று. அந்தக் கூட்டத்தில் முழு உண்மையைச் சொன்னது அவள் ஒருத்திதான். அதுவே அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை, ஆமாம் நான் மரத்தில் இருந்தேன் என்று நான் சொல்லியிருக்கலாம். நைனாவின் கை என் தோளில் இருந்தது. நான் தரையில் சிந்திக் கிடந்த நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணியின் தகப்பனார் சண்டை போடுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சின்னப் பொண்ணு, பொய் சொல்லாது," என்றார். "தாயில்லாத ஊடு. எங்க கண்ணுலதான் படாம பூடுச்சோ இன்னாவோ." வளர்த்த பெண்ணை அவரே அந்த நிமிஷத்திலிருந்து சந்தேகப்படத் தொடங்கிவிட்டார். எதையோ கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்றே நினைத்து நினைத்து மிச்ச நாளையும் கழித்திருப்பார். தாலியைக் கழற்றிக் கொடுத்தபோது அண்ணி ஏன் என்று கேட்கவில்லை. மாட்டுவண்டியில் ஏறியதும் மட்டும் குழந்தை எங்கே என்று கேட்டாள். பின்னால் வருகிறது என்று தகப்பனார் சொன்னார்.

அண்ணன் அடுத்த தையில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். வானகரத்திலிருந்து அவள் மூன்று தடவை நடந்தே வந்தாள். அங்கே காலைக் கட்டிவைத்திருந்த இரும்புச் சங்கிலி உராய்ந்து கணுக்கால் புண்ணாக இருந்தது. அம்மா குழந்தையை உள்ளே தூக்கிப்போகச் சொல்லிவிட்டு, இலை போட்டுச் சோறு வைப்பாள். அண்ணி சாப்பிட்டுவிட்டு, கதவையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள். பிறகு யாராவது வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். மூன்றாம் தடவை நான் கதவுக்குப் பின்னால் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. நாட்டுக்குச் சுதந்திரம் வருவதற்கு முந்தின மழைக்காலத்தில் செத்துப்போனாள். எதனால் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தாலி திரும்பிய பிறகு எங்களுக்குத் தீட்டு இல்லை. ஆனாலும் அம்மா கிணற்றடிக்குப் போய், யாரிடமும் சொல்லாமல், தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள்.

அந்தக் குழந்தைக்கு இப்போது நாற்பத்தைந்து வயதாகிறது. அண்ணனின் இரண்டாவது பெண்டாட்டி கெட்டவள் இல்லை, ஆனாலும் அது என் பின்னால்தான் சுற்றிச் சுற்றி வளர்ந்தது. உன் அம்மா வரும்போதே பைத்தியம், மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்றுதான் ஊர் அவளுக்குச் சொல்லியிருந்தது. நானும் மறுக்கவில்லை. இருபது வயதிலிருந்து அவள் தன்னைத் தானே வேவு பார்த்துக்கொண்டு வாழ்ந்தவள். பக்கத்து வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டால், "உனக்கும் கேக்குதா அத்தே?" என்று கேட்டு உறுதி செய்துகொள்வாள். போன மாதம் அவளுடைய பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது, பாட்டிக்கு வந்தது பேத்திக்கும் வருமா என்று கேட்க, என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பட்டணத்தில் மனநோய் டாக்டர் ஒருவரிடம் போனாள்.

டாக்டருக்கு எங்கள் இருவரையும்விட வயது குறைவு. பொறுமையாகச் சொன்னார். மூளையில் ஒரு நரம்பு இன்னொரு நரம்பைத் தொட்டுக்கொண்டிருப்பதில்லையாம். நடுவில் துளி இடைவெளி. அதைத் தாண்டிச் சேதி கொண்டுபோவதற்கு டோபமின் மாதிரிச் சில ரசாயனங்கள் இருக்கின்றன. இந்த நோய் வந்தவர்களுக்கு மூளையின் ஒரு பகுதியில் அதன் வேலை கூடிவிடுகிறது என்று நினைக்கிறார்கள். அப்போது ஒன்றுமில்லாத விஷயமெல்லாம் தனக்கென்றே வந்த சேதியாகப் படும். தன் நினைப்பே வெளியிலிருந்து வரும் குரலாகக் கேட்கும். முகம் செத்துப்போவதும் ஆசை அற்றுப்போவதும் வேறொரு பகுதியில் அது குறைவதால் இருக்கலாம் என்றார். இன்னும் எல்லாம் தெரிந்துவிடவில்லை என்றும் சொன்னார். பெரும்பாலும் பதினாறு வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவில் தொடங்குமாம். எனக்கு அங்கேயே எழுந்து வெளியே போகலாம்போல் இருந்தது. அந்த வயதில்தானே நாம் பெண்களைக் கட்டிக்கொடுக்கிறோம். நோய் தன் பருவத்தில் வந்தது. நாங்கள் பெண் வீட்டார் மறைத்துவிட்டார்கள் என்றோம். வைத்தியர் பித்தம் கூடிவிட்டது என்றார், டாக்டர் வேறொன்று கூடிவிட்டது என்கிறார். எலுமிச்சம்பழம் அங்கே எட்டாது என்பது வைத்தியருக்குத் தெரியாது. ஆனால் அவர்கூட யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. குற்றவாளியைத் தேடியது நாங்கள்தான்.

பேத்திக்கு வரவே வராது என்று சொல்ல முடியாது, வராமல் போகவே வாய்ப்பு அதிகம் என்றார். பிறகு காகிதத்தை எடுத்து, "அம்மாவுக்கு எப்ப ஆரம்பிச்சுது? கல்யாணத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். நான் கிணற்றடியிலிருந்து மண்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். கொய்யா மரத்தில் நான் இருந்ததைச் சொன்னேன். இரண்டு வருஷத்துக்கு மேல் அவள் ஒரு குறையும் இல்லாமல் இருந்ததையும், குழந்தை பிறந்து அது நடக்கத் தொடங்கிய பிறகே எல்லாம் ஆரம்பித்ததையும் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் அண்ணியின் மகள் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மாவை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அழுவாள், இல்லை என்னைத் திட்டுவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

பஸ் நிறுத்தத்துக்கு வந்த பிறகு கேட்டாள்.

"அப்போ நான் பொறந்தப்புறந்தான் அம்மாவுக்கு வந்திச்சா அத்தே?"

"ஆமா."

"என்னப் பெத்ததாலதான் வந்திச்சா?"

அப்படியும் ஒரு கேள்வி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இல்லடி, இல்லவே இல்லை என்றேன். பிள்ளை பெறாதவர்களுக்கும் வருகிறது, ஆம்பிளைகளுக்கும் வருகிறது, அது மூளையில் இருக்கிற ரசாயனம், டாக்டரே சொன்னாரே என்று மூச்சு வாங்க மறுபடி மறுபடி சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். என் மேல் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. அம்பத்தூர் பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே, "வேற யாருனா சொல்லியிருந்தா நம்பியிருப்பேன் அத்தே," என்றாள்.